விபத்து ஸ்தலத்தில் படம் எடுக்கலாமா?

நெடுஞ்சாலையில் பேருந்து ஒன்று கவிழ்ந்தால், 108 வண்டி வந்து சேர்வதற்கு முன்பே அங்கே கூடிவிடும் ஜனங்களில் பலர் கைபேசியை உயர்த்திப் பிடித்து நிற்பதும், அவ்வாறு எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களில் உலவி, இறந்துபோனவருடைய வீட்டாருக்கு அதுவே முதல் மரணச் செய்தியாகப் போய்ச் சேர்வதும் இந்நாளில் சகஜமாகிவிட்டன. இதைக் கண்டு மனம் நொந்தவர்கள், விபத்தைப் படம் எடுப்பதே குற்றம் என்று நினைக்கிறார்கள். எடுப்பவர்களோ, நடுவீதியில் நடந்ததை எடுக்கவும் ஊருக்கெல்லாம் காட்டவும் தமக்குப் பூரண உரிமை உண்டென்று சாதிக்கிறார்கள். சட்டம் இவ்விரு கட்சியிலும் சேரவில்லை; படம் எடுப்பதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும் அது, பரப்புவதற்குப் பல சந்தர்ப்பங்களில் தடை விதிக்கிறது.

பொது இடத்தில் நடக்கும் சம்பவத்தைப் படம் எடுக்கலாகாது என்று பொதுப்படையாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் குறிப்பிடும் தடைசெய்யப்பட்ட ஸ்தலங்கள் போன்றவை நீங்கலாக, அரசியல் சாசனத்தின் 19(1)(ஏ) பிரிவு அளிக்கும் கருத்துச் சுதந்திரம் இதற்குத் துணை நிற்கிறது. அச்சுதந்திரத்தால் விளைந்த பிரயோசனமும் சிறிதன்று. 1984-இல் போபாலில் விஷவாயு கசிந்தபோது, மண்ணிட்டு மூடப்படும் தருணத்தில் பெயர் தெரியாத ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் எடுத்த படம், ஓர் ஆலை விளைத்த கொடுமையை உலகத்தின் மனசாட்சிக்கு முன் கொண்டுபோய் நிறுத்தியது. சாதாரண வழிப்போக்கர் எடுக்கும் படமும், வாகனங்கள் நின்ற நிலையையும் சக்கரத் தடத்தையும் எரியாத சிக்னல் விளக்கையும் காட்டுமானால், வழக்கிலும் நஷ்டஈட்டு விசாரணையிலும் தக்க சாட்சியமாகக்கூடும்.

ஆயினும், வீதியில் விழுந்து கிடப்பதனாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை. 2017-இல் புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென நிலைநாட்டியபோது, பொது இடத்தில் இருப்பதால் மட்டும் அது பறிபோகாது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஆடை கிழிந்து கிடப்பவரின் அந்தரங்க உறுப்புகளை, சம்மதமின்றி, அறிந்தே படம் எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்கோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். பாலியல் கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு தண்டிக்கிறது. அவர் இறந்துபோனாலும் இந்தப் பாதுகாப்பு தொடர்வதை 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குற்றத்துக்கு இலக்கான அல்லது சாட்சியான குழந்தையின் படத்தை எவ்வகைச் சாதனத்திலும் வெளியிடலாகாது என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவில் விதிக்கிறது.

படம் எடுக்கும் ஆவலில் தீயணைப்பு வீரரையோ காவலரையோ அவர்தம் கடமையில் மனமறிந்து தடுப்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமே என அஞ்சி விலகி நின்று படம் மட்டும் எடுப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு: 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது அவ்வுதவியின் பொருட்டு வழக்குத் தொடர இடமளிப்பதில்லை, பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

படம் எடுத்தவரை, அதை அழித்துவிடு என்று கட்டளையிடும் அதிகாரம் காவலருக்குக் கிடையாது. விசாரணைக்காகக் கைபேசியைக் கைப்பற்றினால், அச்செய்தியை உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்க வேண்டியது காவலர் கடமையாதலால், கைப்பற்றியதற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தம் உறவினரின் படம் சட்டவிரோதமாகப் பரவக் கண்டவர்கள், அது மறைவதற்கு முன் அதன் இணைப்பையும் திரைப்பிரதியையும் நாள், நேரத்தோடு சேமித்துக்கொண்டு, காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ முறையிடலாம். ஒவ்வொரு சமூக ஊடக நிறுவனமும் நியமித்திருக்க வேண்டிய குறைதீர் அலுவலருக்கு எழுதி, படத்தை நீக்கும்படியும் கோரலாம்.

எனினும், வயதுவந்த ஒருவர் ஆடை குலையாமல் உயிருக்குப் போராடும் முகத்தைக் காட்டும் படத்தை நேராகப் பெயரிட்டுத் தண்டிக்கும் பிரிவு மேற்சொன்னவற்றுள் இல்லை. அங்கே நம் விவேகமே தடையாக நிற்கவேண்டும். முதலில் 108-ஐயோ 112-ஐயோ அழைத்து, கூடுமான உதவியைச் செய்து, பிறகும் படம் தேவையென்று தோன்றினால், மீட்போர் பாதையை விட்டு விலகி நின்று, முகங்களைத் தவிர்த்து, சாலையையும் வாகனங்களையும் எடுத்தல் நலம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் தரம் குன்றி, எடுத்த நேரம் முதலிய விவரங்களையும் இழந்துவிடுமாதலால், மூலக் கோப்பை மாற்றாமல் வைத்திருந்து விசாரணை அதிகாரியிடம் சேர்ப்பிப்பதே அந்தப் படத்தால் ஆகக்கூடிய காரியம். குண்டும் குழியுமான சாலையைப் பற்றி ஊரை எச்சரிக்க, அந்தக் குழியின் படமே போதும்.