சரிவில் நிற்கும் காற்று ஸ்பிரிங் வண்டி

ஊருக்குச் சென்றுவர நம் குடும்பத்தினர் ஏறும் நெடுந்தூர பஸ்கள் பலவற்றிலும், உயர்ந்த விலைக் கார்கள் சிலவற்றிலும் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் உள்ளன. இவ்வண்டிகள் தம்மைத் தாமே சமன் செய்துகொள்ளும் என்பர். அங்ஙனமாயின், லோனாவளா போன்ற மலைப்பாங்கான ஊரில் சரிவான தெருவில் நிறுத்தினால், வண்டி சரிவை வென்று மட்டமாக நிற்குமா என்று சங்கத்து அன்பர் ஒருவர் வினவினார். நில்லாது. 'சமன்' என்னும் சொல்லே இங்குக் குழப்பம் விளைவிக்கிறது. எதற்குச் சமன் என்று கேட்க வேண்டும்.

நாம் எழுத்தராய்ப் பணி புரியும் ரயில்வேயிலேயே இதற்குச் சான்று உண்டு. மும்பைப் புறநகர் மின்ரயில்களில் பெட்டிக்கும் அதன் கீழுள்ள போகிக்கும் இடையே காற்றுப் பைகள் இருக்கின்றன. பையின் அருகே சிறு கையுடன் கூடிய வால்வு ஒன்று உண்டு. கூட்டம் ஏறப் பெட்டி தாழும், கை உயரும், வால்வு திறந்து பைக்குள் காற்றுப் புகும். கூட்டம் இறங்கினால் காற்று வெளியேறும். மாலை நேர நெரிசலிலும் பெட்டியின் தளம் பிளாட்பாரத்துக்கு ஏற்ற உயரத்தில் நிற்பது இதனாலேயே. அவ்வால்வு அறிந்தது பெட்டிக்கும் போகிக்கும் உள்ள இடைவெளி ஒன்றே. பூமியின் மட்டம் எது என்பதை அது அறியாது.

வளைவுகளில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி அமைப்பர். நம் அகலப் பாதையில் அவ்வுயர்வு 165 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அங்கே சிக்னலுக்காக ரயில் நின்றால் பெட்டி ஏறத்தாழ 5 பாகை உட்புறம் சாயும். பாரம் உட்பக்கப் பைமீது மிகும். வால்வு அதற்குக் காற்றூட்டும். வெளிப்பக்கப் பை காற்றை விடும். விளைவு யாது? பெட்டி தண்டவாளத்துக்கு இணையாகிறது. சாய்வு அப்படியே இருக்கிறது. கையிலுள்ள தம்ளர் நீரைப் பார்த்தால் விளங்கும்.

காரும் அங்ஙனமே. இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் முன்சக்கரங்களின் மீது பாரம் மிகும். உணர்கருவி அதனை அறிந்து முன்பைகளை நிரப்பச் செய்யும். வண்டி தெருவுக்கு இணையாகும், அவ்வளவே. உருளாமல் காப்பது கை பிரேக்கும் கியரும் சக்கரத்தடியில் வைக்கும் கல்லுமேயன்றிக் காற்றுப் பை அன்று.

எஞ்சினை நிறுத்திய பின்னும் கதை முடிவதில்லை. குளிர்ந்த இரவில் பைக்குள் காற்றுச் சுருங்கும். சிறு கசிவிருந்தால் ஒரு மூலை தாழும். சில கார்களில் கட்டுப்பாட்டுக் கருவி இடையிடையே விழித்தெழுந்து, தாழ்ந்த மூலைக்கு ஒப்ப ஏனையவற்றையும் தாழ்த்திவிடும். 1955ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோயன் டி.எஸ். காரில் எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் இவ்வேலையைச் செய்தன. நிறுத்தி வைத்தால் அது ஒட்டகம்போல் மெல்லப் படுத்து, எஞ்சினை முடுக்கியதும் எழும்.

ஆகவே உயரமான ஓரக்கல்லின்மேல் வண்டியின் அடிப்பாகம் நீட்டிக்கொண்டிருக்குமாறு நிறுத்தலாகாது. இரவில் தாழ்ந்து கல்லில் அமர்ந்துவிடும். சக்கரத்துக்கும் அதன் மேல்தகட்டுக்கும் இடையே குழந்தைகள் கைவிட இடங்கொடுத்தல் வேண்டா. ஜாக்கி வைக்குமுன் சமன் செய்யும் இயக்கத்தை நிறுத்தும் முறையைக் கையேட்டில் பார்த்துக்கொள்க. நிறுத்தாவிடில், தூக்கிய மூலை மிக உயர்ந்துவிட்டதாகக் கருதி அப்பையின் காற்றை அது வெளியேற்றிவிடும்.