உருக்கும் ஒரு சிட்டிகை உலோகமும்

வாழைச்சேனையை அடுத்த ஓட்டமாவடியில் நீர்ப்பரப்பைக் கடக்கும் பழைய இரும்புப் பாலம், நெடுங்காலம் புகைவண்டிக்கும் மற்ற வாகனங்களுக்கும் ஒருங்கே வழிவிட்டது. பாலம் ஒன்றைத் தாங்கும் உருக்குக்கு இரு குணங்கள் இன்றியமையாதவை. பாரத்துக்கு வளையாத வலிமை ஒன்று. திடீர் அதிர்ச்சியில் ஒடியாத தன்மை மற்றொன்று. காபனை மிகுதியாகச் சேர்த்தால் வலிமை கூடும். ஆனால் உருக்கு எளிதில் ஒடியும், பற்றவைப்பதும் கடினமாகும். இரு குணங்களையும் ஒருங்கே பெறும் வழி யாது?

உருக்கைத் தேய்த்து மெருகேற்றி, அமிலத்தால் துலக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால், அது நெருங்கி அமைந்த சிறு மணிகளால் ஆனது என்பது புலனாகும். மணிகள் சிறுத்தால் வலிமையும் ஒடியாத் தன்மையும் சேர்ந்தே உயரும். மணியின் அளவுக்கும் வலிமைக்கும் உள்ள தொடர்பை 1951 இல் ஹோல் என்பவரும் 1953 இல் பெட்ச் என்பவரும் எடுத்துக்காட்டினர்.

மணிகளைச் சிறுக்கச் செய்யும் இடம் உருட்டாலை. ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வரை காய்ச்சிய உருக்குப் பாளம் உருளைகளுக்கிடையே நசுங்கும்போது, அதன் மணிகள் நீண்டு தட்டையாகின்றன. ஆனால் அக்கடுஞ்சூட்டில் அந்நிலை நீடிப்பதில்லை. நசுங்கிய மணிகளின் இடத்தில் புதிய மணிகள் விரைந்து முளைக்கின்றன. சூடு தணியாவிடில் அவை ஒன்றையொன்று விழுங்கிப் பருக்கின்றன. நசுக்கியதன் பயன் பெரிதும் வீணாகிறது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர். பானைக்கு உப்புப் போல உருக்குக்குச் சேர்க்கப்படுவன நையோபியம், வனேடியம், தைத்தானியம் ஆகியவை. ஒவ்வொன்றின் அளவும் பெரும்பாலும் நூற்றில் 0.1 பங்கிலும் குறைவு. கடுஞ்சூட்டில் நையோபியம் உருக்கினுள் கரைந்திருக்கும். சூடு ஏறத்தாழ 950 பாகைக்கு இறங்கும் வேளையில், காபனோடும் நைதரசனோடும் கூடி நுண்துகள்களாகப் பிரியும். முளை அடித்துக் கயிற்றைக் கட்டியதுபோல அத்துகள்கள் மணிகளின் எல்லைகளைப் பிடித்து நிறுத்துகின்றன. புது மணி முளைப்பது தடைப்படுகிறது. மேலும் உருட்ட உருட்ட, மணிகள் தட்டையாகி அடுக்கடுக்காய்ப் படிகின்றன. பின்னர் ஆறும்போது அவற்றின் எல்லைகள்தோறும் எண்ணற்ற மணிகள் தோன்றுகின்றன. இட நெருக்கத்தால் அவை பருக்க இயலுவதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. துகள்கள் பிரிந்த நிலையில் உருக்கு எளிதில் இணங்காது. உருளைகளின்மீது பாரம் மிகும். அதற்கு அஞ்சிக் கடுஞ்சூட்டிலேயே உருட்டி முடித்தால், சேர்த்த உலோகத்தின் பயன் முழுமையாகக் கிட்டாது. எதைச் சேர்த்தார்கள் என்பதோடு, எந்தச் சூட்டில் எவ்வளவு நசுக்கினார்கள் என்பதும் சேர்ந்தே தரத்தை முடிவு செய்கிறது. நையோபியம் சேர்த்த உருக்கு 1958 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது; இன்று பாலங்களிலும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களிலும் இவ்வகை உருக்கு பயன்படுகிறது.

சிட்டிகை உலோகத்தின் ஆற்றல் பழைய கொல்லரின் உலையிலும் மறைந்திருந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவான பழைய உருக்கு, தமஸ்கு வாள்களுக்கு மூலப்பொருளாயிற்று. நூற்றில் 0.003 பங்கு போன்ற மிகச் சிறிய அளவு வனேடியமும் அவ்வாள்களின் அலைபோன்ற கோலத்துக்கு உதவக்கூடும் என 1998 இல் வெர்ஹோவன் குழுவினர் காட்டினர். அங்கு நிகழ்வது மணிகளைச் சிறுப்பித்தலன்று. மீண்டும் மீண்டும் காய்ச்சி அடிக்கையில் காபன் சேர்மங்கள் வரிவரியாக அமைதலே. எனினும், சிறு கலப்பும் சூடும் அடியும் சேர்ந்தே பொருளை ஆக்கின என்பது இரண்டிற்கும் பொது.

இதில் பட்டறைக்கும் ஒரு படிப்பினை உண்டு. உருட்டாலையில் இவ்வாறு பண்படுத்திய உருக்குத் தகடு ஒன்று வளைந்துவிட்டால், அதைச் செந்தழலாய்க் காய்ச்சி நிமிர்த்துவது தகாது. காய்ச்சினால் நுண்மணிகள் குலையும். தகடு முன்போல் நேராகத் தோன்றினும், இழந்த வலிமை ஆறியதும் திரும்பி வாராது. ஆகவே பழுது பார்ப்போர் உலையை மூட்டுமுன், அத்தகடு எவ்வகை உருக்கு என்பதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.