யமுனையில் பொங்கும் நுரையும் சலவைத்தூள் வாங்கும் குடும்பமும்

புதுதில்லி:

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், தில்லியில் யமுனை ஆறு வெண்ணுரையால் மூடப்படுவது ஆண்டுதோறும் காணும் காட்சியாகிவிட்டது. 2021 நவம்பரில் சத் பூஜையின்போது, காளிந்தி குஞ்ச் பகுதியில் அந்த நுரைக்கு நடுவே நின்று பெண்கள் சூரியனை வழிபட்ட படங்கள் நாட்டையே தலைகுனிய வைத்தன. படகுகளை அனுப்பி நுரையைக் கலைத்தும், மூங்கில் தடுப்புகளை அமைத்தும், தண்ணீரைப் பீய்ச்சியும் நிலைமையைச் சமாளிக்க அரசு முயன்றது.

அந்த நுரைக்குக் காரணம் தொழிற்சாலைகள் மட்டுமல்ல. துணி துவைத்த நீராக வீடுகளிலிருந்து வெளியேறும் சலவைத்தூளுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆகவே, ஆற்றைக் கெடுக்காத சலவைத்தூளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்வி நடுத்தரக் குடும்பங்களில் எழத் தொடங்கியுள்ளது. அக்கறையுள்ள ஒரு குடும்பம் கடைக்குச் சென்றாலும், எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்று தீர்மானிக்கத் தேவையான தகவல் அதற்குக் கிடைப்பதில்லை என்பதே உண்மை நிலை.

இருவகைக் கேடு

சலவைத்தூளால் நீர்நிலைக்கு நேரும் கேடு இருவகைப்பட்டது. ஒன்று நுரை, மற்றொன்று பாஸ்பேட்.

அழுக்கைப் பிரித்தெடுக்கும் வேதிப்பொருளே நுரையை உண்டாக்குகிறது. 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குப் பயன்படுத்தப்பட்ட பொருள் எளிதில் சிதையாதது. அதனால் அங்குள்ள ஆறுகளும் நுரை பொங்கி ஓடின. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி அதற்குக் கடிவாளமிட்டது. அதன் பிறகே, நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்கப்படும் 'லீனியர் ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட்' உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. இந்தியாவிலும் பெரும்பாலான சலவைத்தூள்களில் அதுவே உள்ளது. அதற்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைகளில் ஒன்று சென்னை மணலியில் இயங்குகிறது.

எளிதில் சிதையும் பொருள் என்றால் யமுனையில் நுரை ஏன்? அப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு நீரில் பிராணவாயு வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டப்பட்ட கழிவுநீரில் அது சில நாள்களில் சிதைந்துவிடும். பிராணவாயு அற்ற சாக்கடையில் சிதையாமல் அப்படியே தங்கிவிடும். நஜஃப்கர் வாய்க்கால் உள்ளிட்ட பல வாய்க்கால்கள் வழியாகச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் யமுனையில் கலக்கிறது. அந்த நீர் ஓக்லா தடுப்பணையின் மதகுகளிலிருந்து உயரத்திலிருந்து விழும்போது கடையப்பட்டு நுரையாகிறது. குளிர்காலத்தில் நுரை விரைவில் அடங்குவதும் இல்லை. 'மக்கும் தன்மை கொண்டது' என்று பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சொல், சுத்திகரிப்பு வசதியுள்ள ஊரில் மட்டுமே முழு உண்மை.

பாஸ்பேட்டின் கதை வேறு. உப்பு நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றைக் கட்டிப்போட்டு, சலவைத்தூள் நன்கு வேலை செய்ய அது உதவுகிறது. நீர்நிலையை அடைந்ததும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிவிடுகிறது. பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகின்றன. வட அமெரிக்காவின் ஈரி ஏரி 1960-களில் இவ்வாறு சீரழிந்ததை அடுத்து, 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்துகொண்டு பாஸ்பேட்டைக் குறைத்தன. ஸ்விட்சர்லாந்து 1986-இல் துணி துவைக்கும் தூள்களில் அதற்குத் தடை விதித்தது. ஐரோப்பிய யூனியனில் 2013 ஜூன் 30 முதல், ஒரு முறை துவைக்கும் அளவில் 0.5 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது.

நம் நாட்டிலும் இதற்குக் கசப்பான சான்று உண்டு. பெங்களூரின் கழிவுநீரில் கணிசமான பகுதியைச் சுமக்கும் பெல்லந்தூர் ஏரி 2015-இல் நுரை தள்ளி, சாலைக்கே வந்தது. ஏரியின் மேற்பரப்பில் தீப்பிடித்த செய்தி 2015-லும் 2017-லும் வெளியானது.

தடையும் தர்க்கமும்

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைத் தொடர்ந்து, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் திருத்தப்பட்ட தர அளவுகளுக்கு உட்படாத சோப்பு, சலவைத்தூள் ஆகியவற்றைத் தில்லியில் விற்கவும் இருப்பு வைக்கவும் கொண்டுசெல்லவும் 2021 ஜூனில் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில்தான் நாடறிந்த அந்த நுரைக் காட்சி அரங்கேறியது. யமுனை தில்லிக்குள் நுழையும் முன்பே ஹரியாணாவின் பானிபட், சோனிபட் மாவட்டங்களைக் கடந்து வருகிறது. ஒரு மாநிலத்துக் கடைகளில் மட்டும் விதிக்கப்படும் தடை முழு ஆற்றுக்கும் காவலாக முடியாது.

அதே நேரத்தில், பழியை முழுவதுமாக அண்டை மாநிலங்கள் மீது போடவும் இயலாது. சுமார் 1,370 கி.மீ. நீளமுள்ள யமுனையில், தில்லியின் வஜீராபாதிலிருந்து ஓக்லா வரையிலான 22 கி.மீ. இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆற்றின் மொத்த மாசில் முக்கால் பங்கு அந்தச் சிறு பகுதியில்தான் சேர்கிறது. நாடாளுமன்ற நீர்வளத் துறை நிலைக்குழு 2025 மார்ச்சில் அளித்த அறிக்கையில், யமுனையில் நீரின் தரம் சோதிக்கப்பட்ட 33 இடங்களில் 23 இடங்கள் அடிப்படைத் தர அளவைக்கூட எட்டவில்லை என்று குறிப்பிடப்பட்டது.

நுரையை அடக்க ஆற்றில் வேறொரு வேதிப்பொருளைத் தெளிக்கும் வழக்கமும் அரசியல் சர்ச்சையானது. 2022 அக்டோபரில் தில்லி குடிநீர் வாரியம் அதைத் தெளிக்க முற்பட்டபோது, அப்போதைய மேற்கு தில்லி பாஜக எம்.பி. பர்வேஷ் வர்மா வாரிய அதிகாரியிடம் நேரில் சென்று கடுமையாக வாதிட்டார். 2025 பிப்ரவரியில் தில்லியில் ஆட்சி மாறியது. நீர்த் துறை வர்மாவின் பொறுப்பில் வந்தது. அந்த ஆண்டு சத் பூஜைக்கு முன்பும் நுரையடக்கி தெளிக்கப்பட்டது. பழைய காட்சிப்பதிவை எடுத்துக்காட்டி ஆம் ஆத்மி கட்சி கேள்வி எழுப்பியது. நாற்காலிகள் மாறினாலும் நுரைக்கு மருந்து மாறவில்லை.

பெயரளவில் நின்ற மண்பானை

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளை மக்கள் அடையாளம் காண ஒரு முத்திரை வேண்டும் என்பதை மத்திய அரசு முன்பே உணர்ந்திருந்தது. 1991-இல் 'ஈகோமார்க்' திட்டம் அறிவிக்கப்பட்டது. மண்பானையே அதன் சின்னம். சோப்பும் சலவைத்தூளும் அதற்குரிய பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் அம்முத்திரையைப் பெறுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பெறுவதால் வரிச்சலுகையோ வேறு ஆதாயமோ பெரிதாக இல்லை. நிறுவனங்களும் அக்கறை காட்டவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் பழைய திட்டத்துக்கு மாற்றாகப் புதிய ஈகோமார்க் விதிகள் வெளியாயின. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை, மண்பானைச் சின்னத்தைக் கடையில் காணாமலே வளர்ந்துவிட்டது.

வரி விதிப்பிலும் இந்த வேறுபாடு பார்க்கப்படவில்லை. 2017 நவம்பரில் சலவைத்தூளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, பாஸ்பேட் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே விகிதமே நிர்ணயிக்கப்பட்டது.

பொட்டலத்தின் மீது என்ன அச்சிட வேண்டும் என்பதை 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் தெரிவிக்கும் முகவரி ஆகியவை அவற்றில் உண்டு. உள்ளே கலந்துள்ள வேதிப்பொருள்களின் பட்டியலை அவ்விதிகள் கேட்பதில்லை. ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி, பாஸ்பேட் 0.2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட்டாக வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரையின் அளவைப் படித்தறியும் இந்தியத் தாய், சலவைத்தூளில் பாஸ்பேட் உண்டா என்பதை அறிய வழியில்லை.

'பசுமை', 'இயற்கை' என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்வதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது வரவேற்கத்தக்கது. பச்சை நிற உறையும் இலைப் படமும் சான்றிதழ் ஆகா என்பதை அது உறுதி செய்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

சட்டம் வரும் வரை குடும்பங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 'பாஸ்பேட் இல்லாதது' என்று வெளிப்படையாக அச்சிட்டிருக்கும் தூளையோ திரவத்தையோ தேர்ந்தெடுக்கலாம். பாஸ்பேட்டுக்குப் பதிலாக ஜியோலைட் என்னும் கனிமப் பொருள் பல நாடுகளில் வெற்றிகரமாகப் பயன்படுகிறது. பாஸ்பேட் இல்லாத தூள் என்றால் விலை அதிகம் என்பதும் சரியல்ல. 1969-இல் ஆமதாபாதில் மிதிவண்டியில் விற்கத் தொடங்கப்பட்ட நிர்மா, பாஸ்பேட் சேர்க்காமலே குறைந்த விலையில் நாடெங்கும் பரவியது. அத்தகைய மலிவுத் தூள்களில் சோடா உப்பு மிகுதி என்பதால் கைகள் எரியும் என்ற குறையும் உண்டு.

அதிக நுரை வந்தால் துணி நன்கு வெளுக்கும் என்ற நம்பிக்கை விளம்பரங்கள் வளர்த்தது. நுரைக்கும் அழுக்கு நீங்குவதற்கும் நேரடித் தொடர்பில்லை. குறைந்த அழுக்குள்ள துணிக்குத் தூளின் அளவைக் குறைப்பதும், முன்னதாக ஊறவைப்பதும், இயந்திரம் நிறையத் துணி சேர்ந்த பின் துவைப்பதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். பட்டு, கம்பளி ஆகியவற்றுக்குப் பூந்திக்கொட்டை இன்றும் ஏற்றது. ஆனால் தினசரித் துணி அனைத்துக்கும் அது போதாது. தண்ணீரில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அதுவும் மீனுக்கு நஞ்சு.

இருப்பினும், வாரத்துக்கு ஒரு சோப்புக் கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியின் குடும்பத்திடம் யமுனையைக் காக்கும் பொறுப்பை ஒப்படைப்பது நியாயமாகாது. பாஸ்பேட் அளவுக்கு நாடு முழுவதும் ஒரே கட்டாய வரம்பு, பொட்டலத்தில் உள்ளடக்கப் பட்டியல், வாய்க்கால் நீர் அனைத்தும் சுத்திகரிப்பு நிலையத்தை அடைவது ஆகிய மூன்றும் அரசின் கடமைகள். முதலிரண்டுக்கும் கோடிக்கணக்கில் நிதி ஒதுக்க வேண்டியதில்லை, அறிவிக்கை போதும். யமுனை மாசு பற்றி அவையில் குரல் எழுப்பும் உறுப்பினர்கள், ஆற்றுக்குச் செலவிட்ட தொகையை மட்டும் கேட்காமல், சலவைத்தூள் பொட்டலத்தில் பாஸ்பேட் அளவு எப்போது அச்சிடப்படும் என்றும் அமைச்சரிடம் கேட்க வேண்டும்.