எந்த ஊருங்க?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் வந்து இறங்கும் நேயர், தூக்கக் கலக்கத்தில் வேறு எங்கேயோ இறங்கிவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தால் ஆச்சரியமில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு கூட்டம் ஒரியா பாஷையில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளினால் வங்காளி. இன்னும் பத்தடி தள்ளினால் பீகாரின் போஜ்புரி. நடுவே, "அண்ணா, கொஞ்சம் தள்ளுங்கண்ணா" என்று அசல் கொங்குத் தமிழ் காதில் விழும். அப்பாடா என்று திரும்பிப் பார்த்தால், அதைப் பேசியவரும் வடக்கேயிருந்து வந்தவராகவே இருப்பார்!

ஸ்டேஷனுக்கு அருகில்தான் கொடி காத்த குமரனின் நினைவகம் இருக்கிறது. சென்னிமலையில் பிறந்த அந்த இளைஞர், 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், தேசியக் கொடியைக் கையில் பிடித்தபடியே திருப்பூர் வீதியில் தடியடிபட்டு, 11-ந் தேதி உயிர் நீத்தார். அவர் பெயர் தாங்கிய சாலையில்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடமாடுகிறது. 1917-ல் காந்தியடிகள் அவுரிக் குடியானவர்களுக்காகப் போராடினாரே, அந்தச் சம்பாரண் பக்கத்துப் பையன்களும் இக்கூட்டத்தில் உண்டு. குமரன் காத்த கொடி அவர்களுக்கும் சொந்தமான கொடிதான் என்று பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நாம் பாடம் சொல்லுகிறோம். பாடம் சொல்லுவது சுலபம். வேறு மாநிலத்தார் அடுத்த வீட்டில் குடி வரும்போது எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சையில் நாம் ஒரு முறை தோற்றுப் போன கதையை இங்கே சொல்லப் போகிறோம். உபாத்தியாயர்களும் பரீட்சையில் தோற்பது உண்டு என்று அறிந்தால் மாணவ நேயர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆறு நாள்

கொங்கு நாட்டில் வெளி மாநிலத்தார் கை படாத தொழில் இன்று அபூர்வம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள். கோயமுத்தூரில் பவுண்டரிகளும் நகைப் பட்டறைகளும். பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிகளும் கோழிப் பண்ணைகளும். பொள்ளாச்சியில் தேங்காய் நார் ஆலைகள். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்கள். நகைப் பட்டறைகளில் வங்காளத்துப் பொற்கொல்லர்கள் குனிந்த தலை நிமிராமல் கம்பி இழுக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் அஸ்ஸாம், ஜார்க்கண்டு மாநிலத்தார் கொழுந்து பறிக்கிறார்கள்.

நம் வீட்டின் பின்புறச் சுவரை ஒட்டி ஒரு 'லைன் வீடு' இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு அறைகள். பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. கோடியில் குளியலறையும் கழிப்பிடமும். ஒரு அறையில் நான்கு வாலிபர்கள் இருப்பார்கள். அல்லது ஒரு குடும்பம் இருக்கும். காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. ஆர்டர் அவசரமானால் ஒன்றரை ஷிப்டு. திருப்பூரில் அவசரமில்லாத ஆர்டர் ஏது? கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஆளுக்கு ஒரு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அன்றிரவே அதில் பெரும் பங்கு கைபேசி வழியாக ஊருக்குப் பறந்துவிடும்.

ஆகவே அவர்களுக்கென்று மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்று காலையில் தொட்டியடியில் துணி துவைக்கும் சப்தம் கேட்கும். பிறகு தாளிக்கும் கடுகெண்ணெயின் நெடி சுவரைத் தாண்டி வரும். பிறகு சலவைச் சட்டை அணிந்து, தலைமுடியைப் படிய வாரி, கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள். முடி வெட்டும் கடை, கைபேசிக் கடை, கடுகெண்ணெயும் சத்து மாவும் விற்கும் மளிகைக் கடை, பிறகு காதர்பேட்டைத் துணிக் கடைகள். வாரமெல்லாம் தாம் தைத்த பனியனின் தம்பியைத் தாமே பேரம் பேசி வாங்குவதும் உண்டு. பிற்பகலில் ஸ்டேஷன் பக்கம் வந்து சேருவார்கள். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஓடி வரும் தன்பாத் - ஆலப்புழை விரைவு வண்டி இவ்வழியாகத்தான் போகிறது. இரண்டு இரவுகள் அதில் பிரயாணம் செய்து புதிதாக ஊர்க்காரர் யாராவது வந்து இறங்கமாட்டார்களா என்று பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

ஒரே பெயர்

கொங்கு நாட்டாருக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸிலோ கல்யாணப் பந்தலிலோ பக்கத்தில் புதியவர் ஒருவர் உட்கார்ந்தால், "எந்த ஊருங்க?" என்று கேட்காமல் இருக்க அவர்களால் முடியாது. ஊரைச் சொன்னால், "அங்க யாரு தோட்டத்துப் பக்கமுங்க?" என்று அடுத்த கேள்வி பிறக்கும். கால் மணி நேரத்தில் இருவரும் எப்படியோ உறவினராகிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட நாம், லைன் வீட்டாரைப் பார்த்து அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து, 'ஹிந்திக்காரர்கள்' என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். ஒரியாக்காரரும் ஹிந்திக்காரர், வங்காளியும் ஹிந்திக்காரர். தமிழர், தெலுங்கர், கன்னடியர், மலையாளி எல்லோரையும் 'மதராஸி' என்று வடக்கே ஒரே மூட்டையாகக் கட்டினார்கள் என்று நம் பெரியவர்கள் எவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறார்கள்! அந்த மூட்டையை நாம் இப்போது திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தோம்.

லைன் வீட்டுக் குடும்பம் ஒன்றின் பெண் குழந்தை நம் வகுப்பிலேயே படித்தது. வாய்ப்பாட்டைத் தமிழில் கடகடவென்று ஒப்பிக்கும். அதன் தகப்பனார் பவர் டேபிள் டெய்லர். தாயார் அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தெருவில் கண்டால் அவர், "வணக்கம் சார்" என்பார். நாமும் "வணக்கம்" என்று நடந்துவிடுவோம். இரண்டு வருஷ காலம் எங்கள் சிநேகம் இந்த இரண்டு வணக்கங்களோடு நின்றது.

1923 அல்ல, 2023

முன் காலத்தில் வதந்தி மாட்டு வண்டியில் வந்தது. 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அது கைபேசியில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள் வடக்கே பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் படங்களை இங்கே நடந்தவை என்று ஒட்டவைத்திருந்தார்கள். தமிழ்நாட்டுப் போலீஸார் அவை பொய் என்று அறிவித்து வழக்குப் பதிந்தார்கள். பீகார் அரசாங்கம் அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. அக்குழுவினர் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் நேரில் வந்து தொழிலாளிகளிடம் விசாரித்து, வீடியோக்கள் பொய்யானவை என்று கண்டார்கள்.

ஆனால் அறிக்கை வருவதற்குள் ரயில்கள் நிரம்பிவிட்டன. மார்ச்சு 8-ந் தேதி ஹோலிப் பண்டிகை. ஊருக்குப் போவதற்கு அது ஒரு காரணமாகவும் ஆயிற்று. லைன் வீட்டில் பீகார்க்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அதைக் கண்டு அஞ்சி ஒடிசாக்காரர்களும் கட்டினார்கள். காலையில் நாம் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டபோது, அந்தக் குழந்தையின் பெயருக்கு "உள்ளேன் ஐயா" என்ற பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பரீட்சைக்கும் வரவில்லை.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்தபோது குழந்தை திரும்பி வந்தது. "ஏன் சொல்லாமல் போய்விட்டாய்?" என்று கேட்டோம்.

"அப்பா போன்ல வீடியோ பாத்தாங்க சார். நெசமா பொய்யான்னு யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியலைன்னு சொன்னாங்க."

நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றுதான். சுவருக்கு இந்தப் பக்கம், தினந்தோறும் இரண்டு பத்திரிகைகளைப் படித்து அபிப்பிராயம் சொல்லும் உபாத்தியாயர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. தோன்றும்படியாக நாம் நடந்துகொள்ளவில்லை. வதந்தியைக் கிளப்பியவர்கள் செய்தது பெரிய குற்றம், சந்தேகமில்லை. ஆனால் அது முளைப்பதற்கு ஈரமாக இருந்தது நம்முடைய மௌனம்.

கொடிவேரியில் ஒரு பகல்

அன்று சாயங்காலமே லைன் வீட்டுக்குப் போய், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடிவேரிக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்று கூப்பிட்டோம். அவர் முதலில் நம்பவில்லை. குழந்தை ஏதாவது தப்புச் செய்துவிட்டதோ என்றுதான் பயந்தார்.

திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து சத்தியமங்கலம் போகும் வழியில் கொடிவேரி. பவானி ஆற்றின் குறுக்கே கட்டிய பழைய அணைக்கட்டு அது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்ற இரண்டு வாய்க்கால்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் பிரிகிறது. மிஞ்சிய நீர் அணையின் மேல் வழிந்து சின்ன அருவியாக விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் அருவிக்குக் கீழே தலைகள்தான் தெரியும். கரையில் மிளகாய்ப் பொடி தடவிய மீனை வறுக்கும் வாசனை, சைவர்களையும் சற்று யோசிக்க வைக்கும்.

குழந்தைகள் தண்ணீரில் இறங்கிவிட்டன. நம் தாயாருக்கு இந்தப் பிரயாணத்தில் முதலில் அவ்வளவு உற்சாகமில்லை. மரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்க்கும்போதுதான் முகம் மலர்ந்தது. காரணம், அந்த அம்மாள் கொண்டுவந்திருந்த தூக்குப் பாத்திரம். அதில் இருந்தது இரவு வடித்துத் தண்ணீர் ஊற்றிவைத்த சோறு. அதில் தயிர் விட்டு, உப்பிட்டு, வறுத்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுகிறார்கள். ஒடிசாவில் அதற்குப் 'பகாளா' என்று பெயராம்.

"அட, இது நம்ம பழைய சோறு கண்ணு!" என்றார் தாயார். "அவிய ஊர்லயும் இதுதானா?" குழந்தை அதை ஒரியாவில் சொல்ல, அந்த அம்மாள் முதல் தடவையாக வாய் விட்டுச் சிரித்தார்.

நாமும் அவரும் கரையில் உட்கார்ந்தோம். இரண்டு வருஷம் தாமதமான கேள்வியைக் கேட்டோம்: "உங்களுக்கு எந்த ஊருங்க?"

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பல்பூர்ப் பக்கம் சார். தாத்தா ஊரு தண்ணிக்குள்ள இருக்கு" என்றார்.

மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணையைக் கட்டி 1957-ல் திறந்தார்கள். அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பல கிராமங்களில் அவருடைய பாட்டனார் கிராமமும் ஒன்று. வேறிடத்தில் கிடைத்த மேட்டு நிலம் மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்த பிறகு ஒருவருக்கும் போதவில்லை. கோடைக் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் ஒன்றின் சிகரம் வெளியே தெரியுமாம். அப்போது பாட்டியார் கரையில் நின்று கும்பிடுவாராம்.

நாம் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மேற்குத் திசையைக் காட்டினோம். அதே பவானி ஆற்றில், கொடிவேரிக்கு மேலே, 1955-ல் கட்டி முடிந்தது பவானிசாகர் அணை. அதன் நீருக்கடியில் கிடக்கிறது டணாயக்கன்கோட்டை. மழை பொய்த்த வருஷங்களில் அங்கும் பழங்கோயில் ஒன்று நீரிலிருந்து தலை தூக்கும். ஜனங்கள் போய்ப் பார்ப்பார்கள். அந்த அணையின் தண்ணீரால் ஈரோட்டு ஜில்லாவில் எத்தனையோ வயல்கள் விளைகின்றன. அந்தத் தண்ணீருக்கு விலையாக ஊரைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

"இங்கயுமா சார்?" என்று அவர் கேட்டார். அன்று வீடு திரும்பும் வரையில் எங்கள் பேச்சு ஓயவில்லை.

நாமும் போனவர்கள்தான்

பிழைப்புத் தேடி ஊர் விட்டுப் போவது தமிழருக்குப் புதிதா? இலங்கையில் காபித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும், மலாயாவில் ரப்பர்த் தோட்டமும் யார் உழைப்பில் எழுந்தன? 1942-ல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்களில் தமிழர் எத்தனை பேர்! 1964-ஆம் வருஷத்து சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகவே பக்கத்து நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. போன இடத்தில் ஒரு வாய் நல்ல வார்த்தை சொன்னவர்களை அக்குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை, சொல்லாதவர்களையும் மறக்கவில்லை.

பெரிய சீர்திருத்தம் எதையும் நாம் இங்கே சிபாரிசு செய்ய வரவில்லை. கூலி, குடியிருப்பு, குழந்தைகளின் படிப்பு ஆகியவற்றுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. 1979-ஆம் வருஷத்திலேயே மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளிகளுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஆனால் சுவருக்கு அப்பால் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்கும்படி எந்தச் சட்டமும் நம்மை வற்புறுத்த முடியாது. அதை நாமாகத்தான் கேட்க வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுப் பின் கதவு திறந்திருக்கிறது. கைபேசியில் ஏதாவது விபரீதமாக வந்தால் அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இது நெசமா?" என்று கேட்கிறார். சில சமயம் நமக்கும் தெரிவதில்லை. இருவருமாக உட்கார்ந்து விசாரிக்கிறோம். நம் தாயார் சென்ற வாரம் ஒரு ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாயைக் குழந்தை கையில் கொடுத்தனுப்பினார்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு அம்மிணி, உருளைக்கிழங்கு போதாது, பழைய சோத்துக்கு இதுதான் சரின்னு."

அரை மணி கழித்து ஜாடி திரும்பி வந்தது. அதில் கடுகெண்ணெய் மணக்கும் மாங்காய் ஊறுகாய் இருந்தது. எது பழைய சோற்றுக்குப் பொருத்தம் என்ற விவாதம் சுவரின் இரு புறமும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.