மடிக்கணினியில் ஏடு பெயர்த்தல்

விசயதசமி நாளில் நம் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம். ஏடு என்னும் அச்சொல் ஆதியிற் பனையோலையைக் குறித்தது. இன்று பிள்ளையின் கையிற் கொடுக்கப்படுவது பெரும்பாலும் அச்சிட்ட அரிச்சுவடியே. ஆயினும் சொல் மாறவில்லை. ஓலையாயினும், தாளாயினும், காந்தத் தட்டாயினும், சிலிக்கன் துண்டாயினும், எழுத்தைத் தாங்குவது எதுவோ அதனை ஏடென்று கொள்ளுதல் தகும். ஏடு மாறுந்தோறும் ஒரு கடமை மட்டும் மாறாது நிற்கின்றது. பழைய ஏட்டில் உள்ளதைப் புதிய ஏட்டிற் பிழையின்றிப் பெயர்த்து வைத்தலே அக்கடமையாகும்.

புதிதாக வாங்கிய மடிக்கணினி ஒன்றில், எஸ்.எஸ்.டி. என்று கடைகளில் வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தும் முறையை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். யான் கணினித்துறை அறிஞன் அல்லேன். வெளிவாரிப் பட்டம் பெற்று மாங்குளத்திற் கற்பித்துவரும் ஆசிரியன். இவ்வேலையைக் கையாற் செய்து, அதிற் பிழையும் செய்து, அப்பிழையாற் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் வன்தட்டின் இயல்பை அறிதல் வேண்டும். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 50 பெரிய தட்டுகள் ஓர் அச்சிற் கோக்கப்பட்டிருந்தன. அதன் நிறை ஏறத்தாழ ஒரு தொன். அதிற் சேமிக்கத்தக்கன ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைத்தொலைபேசியால் எடுக்கும் ஓர் ஒளிப்படத்துக்கே அவ்வளவு இடம் வேண்டியுளது. அளவு சுருங்கினும் தத்துவம் மாறவில்லை. மடிக்கணினி வன்தட்டினுள்ளே காந்தப் பூச்சுடைய தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றது. அதனைத் தொடாது, மிக நுண்ணிய இடைவெளியில் நின்று, ஒரு முனை படிக்கின்றது, எழுதுகின்றது. வேண்டிய இடத்துக்கு முனை நகரவும், அவ்விடம் சுழன்று முனையின்கீழ் வரவும், ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கும் அதனின் மிக்கும் கழிகின்றது. இது சிறு பொழுதே எனினும், கணினியைத் தொடக்கும்போது இத்தகைய தேடல்கள் பல்லாயிரம் நிகழ்தலின், நாம் திரையைப் பார்த்தபடி காத்திருக்க நேர்கின்றது. இயங்கும் நிலையில் அதிர்ச்சி பட்டால், முனை தட்டைக் கீறிவிடுதலும் உண்டு.

திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு யாதும் இல்லை. அதன் மூலக் கருத்தை 1967 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டவோன் காங், சைமன் சே என்னும் இருவர் வெளியிட்டனர். காவலியாற் சூழப்பட்ட நுண்ணிய இடம் ஒன்றில் இலத்திரன்களைச் செலுத்திவிட்டால், மின்னை நிறுத்திய பின்னரும் அவை அங்கேயே நிற்கும் என்பது அக்கருத்து. தொசிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா என்பார் 1987 இல் முன்வைத்த நாண்ட் வகை நினைவகமே இன்றைய சேமிப்பகங்களுக்கு அடிப்படையாயிற்று.

இதனை விளக்க நம் வன்னிக் குளங்களை உவமையாகக் கொள்ளலாம். குளத்து நீரின் மட்டத்தை அடிக்கணக்கில் அளந்து கூறுகின்றோம் அல்லவா? அவ்வாறே ஒவ்வொரு நுண்கலத்திலும் தேங்கிய ஏற்றத்தின் மட்டத்தை அளந்து, அதிற் பொதிந்த எண்ணைக் கணினி அறிகின்றது. எட்டு மட்டங்களைப் பிரித்தறியக்கூடிய கலத்தில் மூன்று இருமவெண்கள் அடங்கும். நான்கு இருமவெண்கள் அடங்கவேண்டுமாயின் 16 மட்டங்களைப் பிரித்தறிதல் வேண்டும். நீரைத் தடுக்கும் அணைக்கட்டு எதுவோ, ஏற்றத்தைத் தடுக்கும் காவலியும் அதுவே. அழித்து எழுதுந்தோறும் அவ்வணை சிறிது தேய்கின்றது. இவ்வுவமையை வாசகர் நினைவில் இருத்துவாராக; பின்னரும் இது பயன்படும்.

இனி வகைகளைக் கூறுவாம். இரண்டரை அங்குலப் பெட்டி வடிவில் வருவது சாட்டா வகை. வன்தட்டு இருந்த இடத்திலேயே அதனைப் பொருத்தலாம். மற்றையது எம்.2 என்னும் மெல்லிய பலகை வடிவம். பெரும்பாலும் வழக்கில் உள்ளது 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உடையது. எம்.2 வடிவத்திலும் சாட்டா முறையில் இயங்குவனவும், என்.வி.எம்.இ. முறையில் இயங்குவனவும் என இரு திறத்தன உள. தோற்றத்தில் ஒத்திருப்பினும் ஒன்றுக்குரிய இடத்தில் மற்றையது இயங்காமற் போகலாம். ஆதலின் கணினியின் கைந்நூலைப் பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும். மடிக்கணினி வன்தட்டு ஒரு செக்கனில் ஏறத்தாழ 100 மெகாபைற்றுத் தரவைப் பெயர்க்கும், சாட்டா வகைச் சேமிப்பகம் ஏறத்தாழ 550, என்.வி.எம்.இ. வகை 3,000 இற்கு மேலும் பெயர்க்கவல்லது. முதலிரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை யாவரும் உணர்வர். பின்னிரண்டுக்கும் இடையிலுள்ளதை, கடிதம் எழுதுவோரும் புள்ளிப்பட்டியல் தயாரிப்போரும் அத்துணை உணரார்.

நிற்க. பொருத்துதற்கு முன் செய்யவேண்டியன மூன்று. கணினியைத் திறந்தால் உத்தரவாதம் நீங்குமோ என விற்றவரிடம் கேட்டறிதல் ஒன்று. விண்டோஸ் முறைமையில் தரவு மறைகுறியாக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்து, ஆமெனில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்தல் மற்றொன்று. புதிய கணினிகள் பலவற்றில் அது நாம் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். தேவையான கோப்புகள் யாவற்றையும் வேறொரு சேமிப்பகத்திற் படியெடுத்து வைத்தல் மூன்றாவது. இம்மூன்றில் இறுதியதே தலையாயது. இதனைச் செய்யாதவர் திருகாணியைத் தொடாதிருத்தல் நன்று.

பொருத்தும் வேலை எளிது. கணினியை முற்றாக நிறுத்தி மின்னேற்றியைக் கழற்றுக. அடிப்பலகைத் திருகாணிகள் நீளத்தால் வேறுபடுமாதலின், கழற்றிய ஒழுங்கிலேயே அவற்றை ஒரு தாளில் அடுக்கி வைக்க. பிளாத்திக்கு அட்டை ஒன்றால் விளிம்பை மெல்ல நெம்பினால் அடிப்பலகை விடுபடும். உடனே மின்கலவடுக்கின் இணைப்பை நீக்குக. உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்க. எம்.2 பலகையின் பொன்னிற முனைகளைத் தொடாது, விளிம்பிற் பிடித்து, வெட்டுத்தடம் பொருந்துமாறு சாய்வாகச் செருகுக. செருகிய பலகையின் மறுமுனை சற்றே உயர்ந்து நிற்கும். அதனை மெல்லத் தாழ்த்திச் சிறு திருகாணியால் நிறுத்துக. இறுக்கம் அளவோடு அமைக. பின்பு மின்கலவடுக்கை இணைத்து, அடிப்பலகையை மூடி, கணினியைத் தொடக்கலாம். புதிய சேமிப்பகம் கோப்புப் பட்டியலிற் காணப்படாதாயின் அஞ்சவேண்டா. முகாமைப் பகுதிக்குச் சென்று அதனைத் தொடக்கநிலைப்படுத்தி வடிவமைத்தால் தோன்றும். பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவ விரும்புவோர், அதே கணினியில் அதே பதிப்பை நிறுவும்வரை பெரும்பாலும் மீண்டும் பணம் செலுத்த வேண்டியதில்லை. உரிமம் தாய்ப்பலகையோடு சேர்ந்து நிற்கின்றது.

இவ்வேலை முழுவதும் அரைமணி நேரத்துக்குட்பட்டது. அரியது யாதெனின், பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்க்கும் வேலையே. அங்குதான் யான் தவறினேன்.

2008 ஆம் ஆண்டில் மாங்குளத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, எங்கள் பாடசாலையின் சேர்விடாப்புகள் இரண்டை ஓர் ஆசிரியர் பொலித்தீன் பையிற் சுற்றி எடுத்துச் சென்றார். மழையையும் பதுங்குகுழியின் ஈரத்தையும் கண்டு அவை ஊர் திரும்பின. மீள்குடியேற்றத்தின் பின்னர் பிறப்புச் சான்றிதழை இழந்த பலர், தம் பிறந்த திகதிக்குச் சான்று வேண்டி அவ்விடாப்புகளை நாடி வந்தனர். தாள்கள் நாளுக்கு நாள் நொறுங்குதலைக் கண்டு, விடுமுறை ஒன்றில் எல்லாப் பக்கங்களையும் ஒளிப்படமாக்கினோம். பழைய மாணவர் வாங்கித் தந்த புதிய மடிக்கணினியின் வன்தட்டில் அவை வைக்கப்பட்டன. அக்கணினி மிக மெதுவாக இயங்கியமையால், வெறுமையாயிருந்த எம்.2 இடத்தில் ஒரு சேமிப்பகத்தைப் பொருத்தினேன். இரண்டும் ஒரு தெராபைற்றுக் கொள்ளளவின. வன்தட்டு முழுவதையும் அப்படியே பெயர்க்கும் மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கினேன். எதிலிருந்து, எதற்கு என அது வினவியது. திரையில் ஒத்த அளவின இரண்டு தோன்றின. யான் மாற்றித் தெரிந்தேன். வெற்றேடு மூல ஏடாயிற்று. நிறைந்த ஏட்டின்மேல் வெறுமை எழுதப்பட்டது. பிழையை உணர்ந்து நிறுத்துதற்குள் பெரும்பகுதி அழிந்தொழிந்தது.

முதலாம் இடாப்பின் படங்கள் சக ஆசிரியை ஒருவரின் பென்டிரைவில் இருந்தமையால் தப்பின. இரண்டாவதை மீளவும் திறந்து படம் எடுத்தோம். அப்போது நான்கு தாள்களின் ஓரங்கள் கையில் உதிர்ந்தன. அவ்வோரங்களில் இருந்தவை மாணவரின் பிறந்த திகதிகள். முதன்முறை எடுத்த படத்தில் அவை தெளிவாக இருந்தன. இன்று எங்கும் இல.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், 1887 இற் கலித்தொகையை அச்சிட்ட காலத்தில், தாம் பெற்ற ஏடுகள் தொட்ட அளவிலே சிதைந்தமையை எண்ணி வருந்தினார்கள். அவ்வருத்தத்தை யான் முன்னர்ப் பதிப்புரையிற் படித்திருந்தேன். அன்றுதான் என் விரலில் உணர்ந்தேன். அவர்கள் ஒரு பிரதியோடு அமையாது, கிடைத்த பிரதிகள் பலவற்றையும் தேடி ஒப்புநோக்கியே பதிப்பித்தார்கள். எழுதுதல், ஒப்புநோக்குதல், அதன் பின்னரே பழையதைக் கட்டி வைத்தல் என்னும் அம்முறை மடிக்கணினிக்கும் பொருந்தும். மூலத்தின் தொடரிலக்கத்தையும் புதியதன் தொடரிலக்கத்தையும் முன்னரே தாளிற் குறித்துக்கொள்க. அளவை நம்பித் தெரிதல் கூடாது. பெயர்த்தபின் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இருபுறமும் ஒப்பிடுக. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பெண் இருபுறமும் ஒன்றாயின், படி பிழையற்றது எனத் துணியலாம். இடையிடையே சில கோப்புகளைத் திறந்தும் பார்க்க.

இனி, புதிய சேமிப்பகத்தின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. வன்தட்டில் அழித்த கோப்பைச் சில வேளை மீட்கலாம். இதிலோ, அழித்த கோப்புகள் இருந்த இடத்தை வெறுமையாக்குமாறு முறைமையே கட்டளையிடுதலின், மீட்டல் மிக அரிது. பழுதுறும் வன்தட்டு பல வேளைகளில் ஒலியெழுப்பி எச்சரிக்கும்; இது முன்னறிவிப்பின்றி ஒரு நாள் மௌனமாகலாம். மேலும், குளத்து நீர் அணையூடு கசிவதுபோல, மின்னின்றிக் கிடக்கும் கலத்திலிருந்து ஏற்றமும் சிறிது சிறிதாகக் கசிகின்றது. எழுதும் ஆயுள் முடிந்த சாதாரணச் சேமிப்பகம் ஒன்று, 30 பாகை செல்சியசில், மின்னின்றி ஓராண்டு தரவைக் காத்தால் அமையும் என்பதே ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பின் அளவுகோல். புதியது அதனினும் நெடுநாள் காக்கும். ஆயினும் வெப்பம் மிகுந்தோறும் கசிவும் மிகும். நம் வன்னியின் கோடை வெப்பத்தை யாவரும் அறிவர். ஆதலின் திண்மநிலைச் சேமிப்பகத்தை அலுமாரியிற் பூட்டி வைத்துவிட்டுக் காத்துவிட்டோம் என்று எண்ணுதல் பேதைமை. அன்றாடம் இயக்குதற்கு அஃது ஏற்றது. எடுத்து வைக்கும் படிக்கு, கழற்றிய பழைய வன்தட்டே தக்கது. அதனையும் ஆண்டுக்கொருமுறை இயக்கிப் பார்த்தல் வேண்டும்.

படிகள் பலவாயினும் ஓரிடத்தே இருப்பின் பயனில்லை. 1981 ஆம் ஆண்டு யூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளும் உடன் அழிந்தன. வேறிடத்திற் பிரதியுள்ள நூல்களை மீளவும் வாங்க முடிந்தது; பிரதியில்லாதவை பெயரளவிலே நின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கி எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு வைத்து வருகின்றது. ஒரு தீயால் எல்லாம் அழியாதிருக்கும் வழி அதுவே. ஒரு பாடசாலை தன் அளவில் அதனைச் செய்தல் கூடும்: ஒரு படி கணினியில், ஒரு படி பழைய வன்தட்டில், ஒரு படி வேற்றூரில். இடாப்பில் உள்ளவை பிறருடைய தனிச் செய்திகளாதலின், வேற்றூர்ப் படி பூட்டுடையதாய், பொறுப்புள்ளவர் கையில் இருத்தல் வேண்டும்.

பழைய மாணவர் பலர் தாம் கற்ற பாடசாலைகளுக்குக் கணினி வாங்கித் தருகின்றனர். அது போற்றத்தக்க அறம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினியோடு, படியெடுத்து வைத்தற்கென மற்றுமொரு சேமிப்பகத்தையும் சேர்த்துத் தருக. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கூறுவது இது: புதிய ஏட்டின் விரைவைக் கண்டு மகிழுமுன், பழைய ஏட்டிலுள்ளது வேறிடத்திலும் உளதா எனக் கேளுங்கள். உதிர்ந்த அந்நான்கு தாள்களிற் பெயருள்ளோருள் எவரேனும் ஒருவர் என்றாவது எம் அலுவலக வாயிலில் வந்து நிற்கக்கூடும். அவருக்கு யான் கூறத்தக்க விடை ஒன்றும் இல்லை. அத்தகைய நிலை பிறிதொரு பாடசாலைக்கு நேராதிருத்தல் வேண்டும் என்பதே இதனை எழுதியதன் கருத்து.