மண்ணுக்குள் ஒரு உலகம் – 9: வேரில் விழுந்த முடிச்சு

சென்ற வாரம் மண்புழுவைப் பார்த்தோம். இந்த வாரம் கண்ணுக்கே தெரியாத இன்னொரு புழு.

ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் எட்டடிக்கு நாலடி பாத்தி ஒன்று உண்டு. அதில் போட்ட வெண்டை உச்சிவெயிலில் துவளும், சாயங்காலம் நிமிரும். எரு வைத்தும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. போன மாதம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு செடியைப் பிடுங்கிக் குழாயடியில் கழுவினேன். வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு போல உப்பிக் கிடந்தது.

பயற்றங்காய் வேரிலும் முண்டுகள் இருக்குமே என்பீர்கள். அவை நன்மை செய்யும் பாக்டீரியாவின் வீடுகள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. என் வெண்டையில் வீங்கியிருந்தது வேரேதான். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது.

அதன் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வேர்நுனி வழியாக நுழைந்து ஓரிடத்தில் அமர்ந்து, சுற்றியுள்ள செல்களைப் பெருக்கவைத்து உறிஞ்சுகிறது. பெண்புழு 300 முதல் 500 முட்டை வரை இடும். நம் ஊர் வெக்கையில் ஏறக்குறைய நாலு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். நீலகிரி தேவாலாவில் தேயிலை வேரில் பார்பர் என்ற தாவரவியலாளர் இதைப் பதிவு செய்தது 1901-இல்.

உடனே மருந்துக் கடைக்கு ஓடத் தோன்றும். டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியத் தொழிலாளர்கள் பிள்ளைப்பேறு இழந்தது 1977-இல் வெளியே வந்தது. குருணையாகத் தூவிவந்த கார்போபியூரானை மலேசியா 2023 மே 1 முதல் தடை செய்துவிட்டது. பூச்சிக்கொல்லிகளை எதிர்த்து இன்று உலகெங்கும் இயங்கும் ‘பான்’ வலைப்பின்னல் 1982-இல் பிறந்ததே நம் பினாங்கில் நடந்த கூட்டத்தில்தான். தோட்டப்புறங்களில் தோளில் மருந்து டப்பா சுமந்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால், அந்தக் கூட்டம் இங்கே நடந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணிலுள்ள நூற்புழுக்களில் பெரும்பாலானவை பயிரைத் தொடுவதில்லை. சில, பயிர் தின்னும் புழுவையே தின்னும். நூற்புழுவைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கிற பூஞ்சைகளும் உண்டு. விஷம் ஊற்றினால் காவல்காரனும் சேர்ந்து சாவான். அதனால் அடியோடு ஒழிக்கும் எண்ணத்தையே நான் விட்டுவிட்டேன். அதற்குப் பசி காட்டினால் போதும்.

அதற்கு வழி நம் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வட்டாரத்து மாலைகளிலேயே தொங்குகிறது: செண்டுமல்லி. அதன் வேரிலிருந்து நூற்புழுவைக் கொல்லும் ஆல்ஃபா டெர்த்தியெனில் என்ற பொருளை டச்சு வேதியியலாளர்கள் 1958-இல் பிரித்தெடுத்தார்கள். பூவில் அல்ல, உயிருள்ள வேரில்தான் அந்த வேலை நடக்கிறது. வெண்டைக்கு ஓரமாக நாலு செடி வைத்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். பாத்தி முழுக்க நெருக்கமாக, குறைந்தது இரண்டு மாதம், செண்டுமல்லி மட்டுமே நிற்க வேண்டும். இடையில் களை முளைக்கவிட்டால் புழு அதன் வேரில் சாப்பிட்டுப் பிழைத்துக்கொள்ளும். எல்லா ரகமும் எல்லா நூற்புழுவுக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. பூ பிடிக்காதவர்கள் சணப்பை விதைக்கலாம்.

கூடவே வேப்பம் புண்ணாக்கு. தமிழ்நாட்டில் எக்டேருக்கு 250 கிலோ என்பது வழக்கம். என் பாத்திக்குக் கணக்குப் போட்டால் 75 கிராம்தான், இரண்டு கைப்பிடி. மக்கிய எருவோடு கலந்து கொத்திவிட்டேன்.

பிடுங்கிய வேர்களை எருக்குழியில் போடாதீர்கள், முட்டை அங்கேயும் உயிரோடு இருக்கும். வெயிலில் காயவைத்து அப்புறப்படுத்துங்கள். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.

பூஜை முடிந்து வாடிய மாலை ஒன்றை வாங்கிவந்து, உலர்த்தி உதிர்த்துத் தூவினேன். கொஞ்சம்தான் முளைத்தது. மிச்ச இடத்துக்கு விதைப் பாக்கெட் வாங்கிப் போட்டேன். இப்போது விரல் உயரம் நிற்கின்றன.