பந்தய ஆசனம் பொருத்துவோர் அறிய வேண்டியவை

வீட்டில் உள்ள நாற்காலி ஒன்றை மாற்ற விரும்புவோர் எவரும் பொறியியலாளரைத் தேடிச் செல்வதில்லை. பழையதை வெளியே எடுத்துப் புதியதை உள்ளே வைத்தால் வேலை முடிந்தது. மோட்டார்க் காரின் ஆசனமும் அத்தகையதே என்று எண்ணுவோர் உலகெங்கும் பலர் உளர். சிறிய விளையாட்டுக் கார் ஒன்றை வாங்கிய இளைஞன் முதலில் மாற்ற விரும்பும் பொருள்களுள் ஆசனமும் ஒன்று. நான்கு ஆணிகளைக் கழற்றினால் பழைய ஆசனம் வெளியே வந்துவிடும். பந்தயக் கார்களில் காணப்படும் ஆழமான ஆசனம் ஒன்றை அதே இடத்தில் பூட்டிவிட்டால் காரின் தோற்றமே மாறிவிடும். வேலையும் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆயின், அந்த நான்கு ஆணிகளோடு சேர்ந்து கழன்று வருவன யாவை என்பதைச் சிந்திப்பவர் சிலரே. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசனத்தின் இரு கடமைகள்

காரின் ஆசனத்துக்குக் கடமைகள் இரண்டு உண்டு. ஓட்டுபவனை வளைவுகளில் அசையாது தாங்குவது ஒன்று. மோதல் நேரும் வேளையில் அவன் உயிரைக் காப்பதில் பங்கு கொள்வது மற்றொன்று.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் கார் திரும்புகிறது என்று கொள்வோம். ஓட்டுபவனின் நிறை 70 கிலோகிராம் எனின், அவனைக் காரோடு சேர்த்துத் திருப்புவதற்கு ஏறத்தாழ 575 நியூற்றன் விசை பக்கவாட்டில் வேண்டும். 59 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அவன் மீது பக்கமாகச் சாய்ந்து நிற்பதற்கு இது ஒப்பானது. தட்டையான ஆசனத்தில் அமர்ந்திருப்பவன் இவ்விசையைச் சமாளிக்க முழங்காலைக் கதவில் ஊன்றுகிறான். ஸ்டியரிங் சக்கரத்தையே கைப்பிடியாகப் பற்றிக்கொள்கிறான். வண்டியைத் திருப்ப வேண்டிய கைகள் உடலைத் தாங்கும் தூண்களாகிவிடுகின்றன. இருபக்கமும் உயர்ந்த அணைகளைக் கொண்ட பந்தய ஆசனம் அந்தப் பாரத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. கைகள் விடுதலை பெறுகின்றன. சில்லுகள் வழுக்கத் தொடங்குவதை ஓட்டுபவன் தன் முதுகாலும் இடுப்பாலும் உணர்கிறான். ஆகவே, பந்தய ஆசனத்தை விரும்புவோரின் ஆசை முழுவதும் வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது.

இரண்டாவது கடமையின் கணக்கு இன்னும் கடுமையானது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் சென்ற கார் ஏதோ ஒன்றில் மோத, உள்ளிருப்பவனின் உடல் 60 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்று கொள்வோம். அவன் மீது தாக்கும் விசை அவன் நிறையின் பாரத்தைப் போல 16 மடங்குக்கு மேலாகும். அதாவது ஒரு தொன்னுக்கும் அதிகமான பாரம். அதனைத் தாங்குவன ஆசனம், ஆசனப் பட்டி, காற்றுப்பை, காரின் தரை ஆகிய நான்கும் சேர்ந்தேயாம்.

கடையில் வாங்கும் ஆசனம்

காரைச் செய்தவர் கொடுத்த ஆசனத்தை அகற்றி வேறொருவர் செய்ததைப் பொருத்தும் வழக்கம் புதியதன்று. ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1906ஆம் ஆண்டு வில்ஹெல்ம் ரொய்ட்டர் என்பவர் வண்டிக் கூடு கட்டும் தொழிலகமொன்றை நிறுவினார். போர்ஷே 356 காருக்குக் கூடு கட்டிக் கொடுத்தது அத்தொழிலகமே. பின்னர் 1963ஆம் ஆண்டளவில் கூடு கட்டும் பகுதியைப் போர்ஷே நிறுவனம் வாங்கிக்கொள்ள, எஞ்சியோர் ஆசனம் செய்வதையே தொழிலாகக் கொண்டனர். ரொய்ட்டர், கரோசரி என்னும் இரு சொற்களின் முன்னெழுத்துக்களைச் சேர்த்து ‘ரெக்காரோ’ என்று பெயரிட்டனர். 1965ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் மோட்டார்க் கண்காட்சியில் அவர்கள் வைத்த விளையாட்டு ஆசனம், பக்க அணைகளோடு பல்வகைக் கார்களிலும் பொருத்தத்தக்கதாக அமைந்தது. இத்தாலியின் டூரின் நகரில் 1977இல் தோன்றிய ஸ்பார்க்கோ போன்ற நிறுவனங்களும் பின்னர் இத்துறையில் புகழ் பெற்றன.

குதிரையும் வீரனும்

இவ்வாசனங்களைப் பெரிதும் ஏற்றுக்கொண்ட கார்களுள் ஒன்று ஜப்பானிய மஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.-5 ஆகும். 1989ஆம் ஆண்டு சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு ஆசனத் திறந்த கார், அமெரிக்காவில் ‘மியாட்டா’ என வழங்கலாயிற்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. இதனை ஆக்கியோர் ‘ஜின்பா இத்தாய்’ என்னும் ஜப்பானியத் தொடரைத் தம் கொள்கையாகக் கொண்டனர். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் ஆதல் என்பது அதன் பொருள். குதிரைக்கும் வீரனுக்கும் இடையே உள்ளது சேணம். காருக்கும் ஓட்டுபவனுக்கும் இடையே உள்ளது ஆசனம். சேணம் பொருந்தாவிடின் குதிரை எத்தனை நல்லதாயினும் என்ன பயன்?

ஆனால் இக்கார் மிகச் சிறியது. நடுவே மேடாக ஓடும் பகுதிக்கும் கதவுக்கும் இடைப்பட்ட இடம் ஒடுக்கமானது. பெரிய கார்களில் எளிதாக அமரும் பந்தய ஆசனம் இங்கே கதவில் உரசும். அல்லது தோள் அணை கதவை மூட விடாது. ஆகவே வாங்குமுன் இரண்டு அளவுகள் எடுத்தல் வேண்டும். காருக்குள் தரைமட்டத்திலும் இடுப்பு மட்டத்திலும் தோள் மட்டத்திலும் உள்ள அகலம் ஒன்று; அமரப்போகிறவனின் இடுப்பு, தோள் ஆகியவற்றின் அகலம் மற்றொன்று. ஆசனத்தின் அளவு இவ்விரண்டுக்கும் இடையே அடங்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்குவதினும் ஒரு தடவை அதில் அரைமணி நேரம் அமர்ந்து பார்த்து வாங்குதலே அறிவுடைமை.

உயரமும் முக்கியமானது. கிளச்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடிந்திருத்தல் வேண்டும். தோள்கள் ஆசனத்தில் படிந்திருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங் சக்கரத்தின் உச்சியில் தங்க வேண்டும். ஆசனத்தின் நடுக்கோடு ஸ்டியரிங்கின் நடுக்கோட்டோடு பொருந்தாது சரிந்து நின்றால், நெடும்பயணத்தில் முதுகு நோகும்.

தரையும் ஆணியும்

எத்தனை உறுதியான ஆசனமும் அது பூட்டப்பட்டுள்ள தரையினும் உறுதியானதாகாது. பந்தயங்களுக்கான சர்வதேச மோட்டார்ச் சம்மேளனத்தின் விதிகள் இதில் மிகக் கண்டிப்பானவை. ஆசனத்தைத் தாங்கும் சட்டம் உருக்கினால் ஆயின் 3 மில்லிமீற்றரும், அலுமினியம் போன்ற இலேசான உலோகமாயின் 5 மில்லிமீற்றரும் குறைந்தபட்சத் தடிப்பு உடையதாதல் வேண்டும். ஆணிகள் 8 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் குறைதல் ஆகாது. தரையின் கீழே அடித்தகடு வைத்துப் பூட்டுமிடத்தில் ஒவ்வொன்றும் 40 சதுர சென்ரிமீற்றர் பரப்பிலாவது படிய வேண்டும். காரணம் எளிது. மெல்லிய தகட்டில் துளையிட்டுச் சிறு வாஷர் ஒன்றை மட்டும் வைத்து இறுக்கினால், மோதலின்போது ஆணி முறிவதில்லை. தகட்டைக் கிழித்துக்கொண்டு ஆணி முழுதாக வெளியே வந்துவிடும்.

இதனால் அந்தந்தக் காருக்கென்று செய்யப்பட்ட தாங்கு சட்டத்தை வாங்கி, தொழிற்சாலை அமைத்த இடங்களிலேயே பூட்டுவது சாலச் சிறந்தது. தெருவோரப் பட்டறையில் கிடைத்த இரும்புத் துண்டை வளைத்து ஒட்டிக்கொள்ளுதல் உயிரோடு விளையாடுவதாகும்.

பட்டி செல்லும் வழி

1959ஆம் ஆண்டு வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்றுமுனை ஆசனப் பட்டியே இன்றளவும் வீதிக் கார்களில் நம்மைக் காப்பது. அது மார்பெலும்பையும் இடுப்பெலும்பையும் பற்றும்போதே பயன் தரும். பல கார்களில் பட்டியின் பூட்டு ஆசனத்தின் மீதே அமைந்துள்ளது. ஆசனத்தைக் கழற்றினால் பூட்டும் உடன் வந்துவிடும். அதனை உரிய வலிமையோடு மீண்டும் பொருத்துதல் வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பந்தய ஆசனத்தின் உயர்ந்த பக்க அணையின் மேலாகப் பட்டி சென்றால், அது இடுப்பில் படியாது பாலம் போல் தொங்கி நிற்கும். மோதும்போது அந்தத் தளர்வு முழுவதும் உடல் முன்னே பாயும் தூரமாகிவிடும். பட்டி மேலேறி வயிற்றை நெரிக்கும். பட்டி ஆசனத்தின் துவாரம் வழியாகவோ தாழ்ந்த அணையின் மேலாகவோ சென்று இடுப்பில் இறுகப் படிகிறதா என்பதை அமர்ந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அணைக்கப்பட்ட விளக்கு

பிற்காலத்துக் கார்களின் ஆசனத்துள் பக்கக் காற்றுப்பை மறைந்துள்ளது. பட்டியை நொடியில் இறுக்கும் வெடிபொறியும், பக்கத்தில் இருப்பவரின் எடையை அறியும் உணரியும் சில கார்களில் ஆசனத்தோடு இணைந்துள்ளன. ஆகவே கழற்றுமுன் பற்றரியைத் துண்டித்து, காரின் கைந்நூல் குறிப்பிடும் நேரம் வரை காத்திருத்தல் அவசியம்.

புதிய ஆசனம் பூட்டப்பட்டபின் எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்விடத்தில் ஒரு சிறு மின்தடையைச் செருகினால் விளக்கு அணைந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. விளக்கு அணைவது மெய்யே. ஆயின் காற்றுப்பை திரும்பி வருவதில்லை; காரை ஏமாற்றியதே கண்ட பலன். அக்காரைப் பின்னர் விலைக்கு வாங்குபவர், அங்கே காற்றுப்பை உண்டென்று நம்பித் தம் பிள்ளையை அதில் ஏற்றுவார் அல்லவா? பக்கத்து ஆசனத்தையும் மாற்ற விழையும் குடும்பத்தவர், ஆழமான பந்தய ஆசனத்தில் குழந்தையின் ஆசனத்தைப் பாதுகாப்பாகக் கட்ட இயலாது என்பதையும் மறத்தலாகாது.

பாதி மாற்றத்தின் ஆபத்து

பந்தய ஆசனம் வந்தபின் ஆறுமுனைப் பட்டி பூணும் ஆசையும் உடன் வரும். இரு தோள், இரு இடுப்பு, தொடைகளுக்கிடையே இரண்டு என ஆறு முனைகள். தொடைகளுக்கிடையே செல்லும் பட்டியை விடுத்து நான்கினை மட்டும் கட்டினால், தோள்பட்டிகள் இடுப்புப் பட்டியை மேலே இழுக்க, உடல் அதன் கீழாக வழுகிவிடக்கூடும்.

அதனினும் பெரிய ஆபத்து கார் கவிழும்போது நேர்வது. மூன்றுமுனைப் பட்டியில் உடல் ஒருபுறம் சாய இடமுண்டு. ஆறுமுனைப் பட்டியோ உடலை நிமிர்த்தியே வைத்திருக்கும். திறந்த காரில் தலைக்குப் பின்னே வளைந்து நிற்கும் உருக்குக் காப்புச் சட்டம் இல்லாவிடின், தரையில் மோதுவது தலையேயாகும். ஆதலால் அப்பட்டிக்குக் காப்புச் சட்டம் வேண்டும். அமெரிக்கப் பந்தயத் திடல்களில் இதற்கு எளிய சோதனையொன்று உண்டு. காப்புச் சட்டத்தின் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஒரு தும்புத்தடியை நீட்டிப் பிடிப்பார்கள். ஓட்டுபவனின் தலைக்கவசம் தடிக்குக் கீழே இருத்தல் வேண்டும்.

காப்புச் சட்டம் வந்தால் அது தலைக்கு அருகில் நிற்கும் இரும்பாகிறது. தலைக்கவசம் அணியாத வீதிப் பயணத்தில் அதுவே பகையாகலாம். தோள்கள் கட்டுண்டவனின் தலை மட்டும் முன்னே வீசப்படுவதால் கழுத்தைக் காக்கும் கருவியும் வேண்டும். 1980களில் அமெரிக்கர்களான ரொபேர்ட் ஹபார்ட், ஜிம் டவுனிங் ஆகியோர் அத்தகைய ‘ஹான்ஸ்’ கருவியை உருவாக்கினர். போர்முலா ஒன் பந்தயங்களில் அது 2003இல் கட்டாயமாயிற்று. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வேண்டிக்கொண்டே செல்லும். முழுவதும் பந்தயக் காராக ஆக்கினால் பாதுகாப்பு உண்டு. முழுவதும் வீதிக் காராக விட்டாலும் பாதுகாப்பு உண்டு. இடைநடுவில் நிற்பதே இடர்.

சான்றிதழ் முத்திரையுள்ள ஆசனமும் என்றென்றைக்கும் உரியதன்று. சர்வதேசச் சம்மேளனத்தின் 8855-1999 என்னும் தரத்தில் அமைந்தவை செய்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கும், 8862-2009 தரத்தில் அமைந்தவை பத்து ஆண்டுகளுக்கும் பந்தயத்தில் ஏற்கப்படும். பழைய ஆசனத்தை மலிவாக வாங்குவோர் அதன் முத்திரையையும் ஆண்டையும் பார்ப்பது நன்று. பெயர் பெற்ற ஆசனங்களைப் போன்ற போலிகளும் விலைப்படுகின்றன.

செலவற்ற வழி

வீதியில் மட்டும் ஓட்டுவோருக்கு எளிய வழிகள் உண்டு. முதல் தலைமுறை எம்.எக்ஸ்.-5 காரில் தலை கூரையை முட்டும் நெட்டையர்கள், ஆசன உறையைக் கழற்றி உள்ளிருக்கும் நுரைப்பஞ்சில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து உறையை மீண்டும் இடுவர். ஆசனமும் பட்டியும் அவற்றின் பூட்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வேறொன்று வேண்டுவோர், வீதிப் பாவனைக்கென அங்கீகரிக்கப்பட்டதும் மூன்றுமுனைப் பட்டிக்கு ஏற்றதுமான சாய்வு ஆசனத்தைத் தேர்ந்து, தம் நாட்டுச் சட்டமும் காப்புறுதியும் அதனை ஏற்கின்றனவா என்று கேட்டறிந்து பொருத்தலாம்.

வாங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இதனைத் தரையில் பிடிப்பது எது? பட்டி என் இடுப்பில் எவ்வாறு படியும்? பழைய ஆசனத்தோடு நான் இழப்பது என்ன? இம்மூன்றுக்கும் தெளிவான விடை உள்ளவன் துணிந்து ஸ்பனரை எடுக்கலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லாதவன் பழைய ஆசனத்திலேயே அமர்ந்து பத்திரமாக வீடு வந்து சேர்வானாக.